எஸ்எம்டி ஒட்டினாப் பிறகு வேலை செய்யுதில்லையா? கண்ணுக்குத் தெரியிறதை வைச்சுப் பிழை பிடிக்கிற விதம்

வீட்டு மேசையில வைச்சு எஸ்எம்டி சாமான், அதுதான் ஓட்டையில செருகாமல் போர்ட்டுக்கு மேல நேர ஒட்டுற சின்னச் சாமான், ஒட்டுற ஆக்களிட்ட இருந்து நெடுக வாற கேள்வி ஒண்டுதான், ஒட்டிப்போட்டன், வேலை செய்யுதில்லை, இன்னொருக்கா சூடாக்கிப் பாக்கவோ எண்டு. தயவுசெய்து உடன சூடாக்காதேங்கோ. ஒவ்வொருக்கா சூடாக்கேக்கையும் பாட்டை, அதுதான் சாமான் ஒட்டுற செம்புப் பொட்டை, போர்ட்டோட பிடிச்சு வைச்சிருக்கிற பசை இளகுது, பாட்டில இருக்கிற செம்பு கொஞ்சம் ஈயத்துக்குள்ள கரையுது, சிப்பும் பழுதாகப் பாக்குது. முதல் கண்ணால பாருங்கோ, பேந்து மல்ரிமீற்றரால பாருங்கோ, இன்னதுதான் பிழை எண்டு சொல்லக்கூடியதா வந்தாப் பிறகுதான் ஒட்டுற அயனைக் கையில எடுக்கோணும். கீழ எழுதியிருக்கிறதும் அப்பிடித்தான், உங்கட போர்ட்டில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேர போங்கோ.

ஆனா இந்த ரெண்டு விசயத்தையும் எல்லாரும் வாசிச்சுப்போட்டுப் போறது நல்லது.

ஒண்டு ஈயம், அதுதான் ஒட்டுறதுக்கு உருக்கிற கம்பி. றீலில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ. வெள்ளீயம் 63, காரீயம் 37 எண்டு இருந்தா அது 183 பாகையில ஒரேயடியா உருகி ஒரேயடியா இறுகும், பழகுற ஆக்களுக்கு இதைவிட நல்ல ஈயம் இல்லை. 60க்கு 40 எண்டா 183இல இளகத் தொடங்கி 190 மட்டிலதான் முழுக்க உருகும், ஆறேக்க அந்த இடைவெளிக்குள்ள கை ஆடினா மூட்டு கெட்டுப்போகும். காரீயம் இல்லாதது, அதுதான் வெள்ளி 3 வீதமும் செம்பு அரை வீதமும் கலந்தது, 217 பாகைக்கு மேல போனாத்தான் இளகத் தொடங்கும். ஐரோப்பாவில 2006 யூலை 1இல இருந்து காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபடியால் அதுக்குப் பிறகு வந்த போன், ரவுட்டர், ரீவி போர்ட் எல்லாம் அனேகமா இந்தச் சாதிதான், பழைய ரேடியோ போர்ட் மாதிரி கெதியா இளகும் எண்டு நினைச்சா ஏமாந்துபோவியள். அயனை காரீய ஈயத்துக்கு 320 தொடக்கம் 350, மற்றதுக்கு 350 தொடக்கம் 380 பாகையில வைச்சாக் காணும். அதுக்கும் மேல கூட்டவேண்டி வருகுது எண்டால் பிழை வேற எங்கயோ கிடக்கு, கீழ அதைத்தான் தேடப்போறம்.

மற்றது கண்ணாடி. 0805 எண்டு சொல்லுற ரெசிஸ்ரர் 2 மில்லிமீற்றர் நீளம், ஒண்டேகால் அகலம். 0603 எண்டா 1.6க்கு 0.8. 0402 எண்டா ஒண்டுக்கு அரை. இதுகளை வெறுங்கண்ணால பாத்து வடிவா ஒட்டியிருக்கு எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. மணிக்கூடு திருத்துற ஆக்களும் நகை செய்யிற பத்தர்மாரும் கண்ணில வைக்கிற 10 மடங்கு கண்ணாடி ஒண்டு வாங்குங்கோ, அது இல்லாட்டி போன் கமராவில கிட்டவா படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பாருங்கோ. கன பேர் நல்ல அயனுக்குக் காசு செலவழிச்சுப்போட்டு கண்ணாடிக்குச் செலவழிக்க யோசிக்கினம், நான் சொல்லுறது முதல் கண்ணாடி, பிறகு பிளக்ஸ் (ஊத்தையை எடுத்து ஈயத்தைப் பிடிக்கப் பண்ணுறது), அதுக்குப் பிறகுதான் அயன்.

ஈயம் ரிப்பில உருண்டு நிக்குது, பாட்டில பிடிக்குதில்லை

இதுதான் எல்லாரும் கூடுதலாப் படுற கஷ்டம், இதுக்குள்ள மூண்டு வேற வேற பிழை ஒளிச்சிருக்கு.

முதல் ரிப்பை, அதுதான் அயனின்ர நுனியை, பாருங்கோ. மினுங்காமல் கறுத்துப்போய் இருந்தா அது சூட்டைக் கடத்தாது, அயன் 350 எண்டு காட்டினாலும் நுனியில அந்தச் சூடு இருக்காது. ரிப்புக்கு உள்ளுக்கு செம்பு, அதுக்கு மேல மெல்லிய இரும்புப் பூச்சு, அந்தப் பூச்சு காத்துப் பட்டுக் கறுக்குது. அரத்தால அல்லது மண்கடதாசியால தேய்ச்சா ஒரு கிழமைக்கு நல்லா இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா இரும்பு தேஞ்சு செம்பு வெளிய வந்ததும் ஈயம் அதைக் கரைச்சு ஓட்டையாக்கிப்போடும். பித்தளைத் தும்பில குத்தி எடுத்துப்போட்டு, பிளக்ஸ் தொட்டு, புது ஈயத்தைச் சுத்திவர உருக்கிப் பூசுங்கோ, ரெண்டு மூண்டு தரம் திருப்பித் திருப்பிச் செய்ய வெள்ளையா வரும். வேலை முடிஞ்சு அயனை நிப்பாட்டேக்க துடைச்சுப்போட்டு நிப்பாட்டாதேங்கோ, ஒரு சொட்டு ஈயத்தை மேல விட்டுப்போட்டு நிப்பாட்டுங்கோ, அந்த ஈயம் ரிப்பை மூடிக் காப்பாத்தும்.

ரெண்டாவது ரிப்பின்ர வடிவம். சின்னச் சாமான் எண்டாப்போல ஊசி மாதிரிக் கூர் ரிப் வாங்குறது பிழையான யோசனை, அந்தக் கூருக்கு பாட்டோட தொடுற பரப்பே இல்லை, சூடு போகவே போகாது. 2 மில்லிமீற்றர் மட்டில உளி வடிவம், அல்லது கத்தி வடிவம், அல்லது சரிச்சு வெட்டின வடிவம் வாங்குங்கோ. 0603க்கும் இந்த ரிப்பாலதான் நான் ஒட்டுறது, எனக்குக் கூர் ரிப்பால ஒரு பிரயோசனமும் இல்லை.

மூண்டாவது பாட் ஊத்தையா இருக்கிறது. கன காலம் பெட்டியில கிடந்த போர்ட்டில செம்பு மங்கிப்போய் இருக்கும், எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கடல்காத்தும் மாரியில ஈரமும் சேர்ந்து இதைக் கெதியாக்கிப்போடும். கண்ணாடி இழைப் பேனை இருந்தா அதால, இல்லாட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளையள் பாவிக்கிற அழிறப்பரால தேய்ச்சு, அல்கஹோலால துடைச்சு, பிளக்ஸ் பூசிப்போட்டு அயனைப் பாட்டில வையுங்கோ. கவனிச்சுக்கொள்ளுங்கோ, பாட்டில. சூடாக்க வேண்டியது பாட்டையும் காலையும், ஈயத்தை இல்லை. ஈயத்தை ரிப்பில உருக்கிக் கொண்டுபோய்ப் பூசினா, ஈயக்கம்பிக்குள்ள இருக்கிற பிளக்ஸ் போற வழியிலயே புகையாப் போயிடும், பாட்டில வந்து சேருறது வெறும் ஈயம், அது உருண்டுதான் நிக்கும்.

பிளக்ஸ் வாங்கேக்க ஒரு கவனம். ஹாட்வெயார் கடையில தகரத்துக்கும் பைப்புக்கும் எண்டு விக்கிற அசிற் பிளக்ஸ் எலெக்ரோனிக்ஸுக்குக் கூடாது. அது வேகமாப் பிடிக்கும்தான், பேந்து காலையும் செம்பையும் இருந்து அரிக்கும். போன் திருத்துற கடைக்காரர் பாவிக்கிற ரெசின் பிளக்ஸ், இல்லாட்டி ஊசியில அடைச்சு வாற களி பிளக்ஸ் ரவுணிலயே கிடைக்கும். இஞ்ச கிடையாத சாமான் எண்டால் கொழும்புக்குப் போற ஆரிட்டயும் சொல்லி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எடுப்பியுங்கோ. பிளக்ஸ் எரியிற புகை ஆருக்கும் நல்லதில்லை, தொய்வு இருக்கிற ஆக்களுக்குச் சரியான கூடாது, அதால ஃபானைப் போர்ட்டுக்கு அங்கால வைச்சு புகையை ஜன்னல் பக்கம் இழுக்க விடுங்கோ. உங்களுக்குப் பின்னால இருந்து போர்ட்டுக்கு நேர அடிக்கிற ஃபான், அல்லது சோளகம் அடிக்கேக்க திறந்து கிடக்கிற ஜன்னல், இந்த ரெண்டும் மூட்டை ஆறப்பண்ணிப்போடும், ஹொட் எயார், அதுதான் சூடான காத்தை ஊதி ஈயத்தை உருக்கிற கருவி, பாவிக்கிற ஆக்களுக்கு இது இன்னும் கூடத் தெரியும்.

பக்கத்துப் பக்கத்துக் கால் ரெண்டும் ஈயத்தால ஒட்டிப்போச்சு

இதுக்குப் பயப்பிடத் தேவையில்லை, இது நடக்கிறதுதான். முக்கியமா அந்த ஈயத்தை ஊசியால கீறி எடுக்கப் பாக்காதேங்கோ, கால் வளைஞ்சா அதுதான் உண்மையான கரைச்சல்.

காலுகளுக்கு மேல பிளக்ஸை நல்லாப் போடுங்கோ, கஞ்சத்தனம் வேண்டாம். ரிப்பைத் துப்பரவாத் துடைச்சு, ஈயம் இல்லாமல், ஒட்டின இடத்தில வைச்சு சிப்பில இருந்து வெளிப்பக்கமா மெல்லமா இழுங்கோ. உருகின ஈயம் துப்பரவான உலோகம் எங்க இருக்கோ அங்க ஓடும், ரிப் வெறுமையா இருந்தா மிச்சத்தை அது இழுத்துக்கொண்டு வந்திடும். இப்பிடியும் போகாட்டி செப்புப் பின்னல், அதுதான் விக் எண்டு விக்கிறது, அதில கொஞ்சம் பிளக்ஸ் பூசி ஒட்டின இடத்துக்கு மேல வைச்சு அதுக்கு மேல அயனை வையுங்கோ. பின்னலையும் அயனையும் ஒண்டாத் தூக்கோணும். அயனை முதல் எடுத்தா பின்னல் இறுகி ஒட்டிப்போடும், பிறகு இழுக்க பாட்டும் சேர்ந்து வரும்.

சில நேரம் பாத்தா இடையில ஒண்டும் இல்லை, மீற்றர் மட்டும் இணைப்பு இருக்கு எண்டு கீச்சிடும். அப்ப சிப்பின்ர உடம்புக்குக் கிட்ட, காலுக்குப் பின்னால பாருங்கோ, ஈயம் அங்க ஒளிச்சிருக்கும். வெளிச்சத்தைச் சரிச்சுப் பிடிச்சாத் தெரியும். அங்கயும் இல்லாட்டி மின்சுற்றுப் படத்தைப் பாருங்கோ, அந்த ரெண்டு காலும் போர்ட்டுக்குள்ளயே இணைச்சதா இருக்கலாம்.

ரெசிஸ்ரரின்ர ஒரு பக்கம் எழும்பி நிக்குது

ஒரு பக்கம் முதல் உருகி, மற்றப் பக்கம் உருக முதலே அது சாமானை இழுத்துத் தூக்கிப்போட்டுது. ஹொட் எயாரில அனேகமா இதுக்குக் காரணம் காத்தை ஒரு பக்கத்தால பிடிச்சது, அல்லது ஒரு பாட் மட்டும் பெரிய செம்போட தொடுத்திருக்கிறது. அயனால எண்டா ஒரு பாட்டில மட்டும் கொஞ்சம் ஈயம் வைச்சு, ருவீசரால (சின்ன இடுக்கி) சாமானைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒட்டி, ஆற விட்டு, போர்ட்டோட படிஞ்சிருக்கு எண்டு பாத்தாப் பிறகு மற்றப் பக்கத்தை ஒட்டுங்கோ. ரெண்டு பாட்டிலயும் முதலே ஈயம் வைச்சா சாமான் ஒரு நாளும் படியாது.

கிரவுண்ட் பக்கம் உருகவே உருகாது

யூஎஸ்பி சொக்கெற்றின்ர கோது, ரெகுலேற்றரின்ர (வோல்றைக் குறைச்சு நிலையாக் குடுக்கிற சிப்) அகலமான வால், இந்த இடங்களில ஈயம் களி மாதிரி நிக்கும், வழியாது. கிரவுண்ட், அதுதான் எல்லாத்தின்ர நெகற்றிவும் சேருற, போர்ட்டுக்குள்ள இருக்கிற பெரிய செம்புத் தகடு, நீங்கள் குடுக்கிற சூட்டை முழுக்க இழுத்து விரிச்சுப்போடுது. உடன எல்லாரும் செய்யிறது அயனை 450க்குக் கூட்டுறது. அப்பிடிச் செய்தா பிளக்ஸ் கருகும், பக்கத்தில இருக்கிற சின்னப் பாட் கழரும், கிரவுண்ட் அப்பவும் உருகாது. இஞ்ச காணாமல் இருக்கிறது பாகை இல்லை, ஓடி வாற சூட்டின்ர அளவு.

அகலமான ரிப்பைப் போடுங்கோ, ரிப்பில ஒரு சொட்டு ஈயம் நிக்க விடுங்கோ, அந்தச் சொட்டுத்தான் சூடு போற பாலம். பிறகு முழுப் போர்ட்டையும் கீழ இருந்து 100 தொடக்கம் 150 பாகை மட்டும் சூடாக்குங்கோ, சூட்டுத்தட்டு இல்லாட்டி ஹொட் எயாரைத் தூர வைச்சு ஒரு ரெண்டு நிமிசம் ஆறுதலாச் சுத்திச் சுத்திப் பிடிச்சாலும் சரி. அதுக்குப் பிறகு அயன் வைச்சா வெண்ணெய் மாதிரி இளகும். சொக்கெற்றைக் கழட்டுறதுக்கு எண்டால் அந்தத் தொழிற்சாலை ஈயத்துக்கு மேல உங்கட காரீய ஈயத்தைத் தாராளமா விட்டுக் கலந்துபோட்டுக் கழட்டுங்கோ, கலந்தாப் பிறகு உருகுற பாகை நல்லாக் குறையும்.

பாட் கழண்டு வந்திட்டுது

போர்ட்டை எறியாதேங்கோ. தொண்ணூறுகளில யுத்தத்துக்குள்ள கரண்ட் இல்லாமல், பற்றரியும் உள்ள வர விடாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊர் இது, ஒரு பாட் போனதுக்கு எறியிறதுக்கு எங்களுக்கு மனம் வராது, வரவும் கூடாது.

முதல் பாருங்கோ, அந்தக் காலுக்கு இணைப்பு உண்மையாத் தேவையோ எண்டு. சில கால் வெறுமனே விட்டதா இருக்கும், அப்பிடியெண்டா உங்களுக்கு வேலையே இல்லை. தேவையெண்டால் அந்தப் பாட்டில இருந்து போற செம்புக் கோட்டைக் கண்டுபிடிச்சு, மேல இருக்கிற பச்சைப் பூச்சை கூரான பிளேட்டால ஒரு ரெண்டு மில்லிமீற்றர் நீளத்துக்கு மெல்லமாச் சுரண்டுங்கோ, செம்பு மினுங்கிறது தெரியோணும். அதில ஈயம் பூசுங்கோ. மோட்டர் சுத்துற ஆக்களிட்ட கிடைக்கிற மெல்லிய எனமல் கம்பி, 0.1 மில்லிமீற்றர் மட்டில, ஒரு துண்டு எடுத்து நுனியில எனமலைச் சுரண்டி ஈயம் பூசிப்போட்டு, ஒரு முனையைக் கோட்டிலயும் மற்ற முனையைக் காலிலயும் ஒட்டுங்கோ. கம்பியை விறைப்பா இழுத்து ஒட்டாதேங்கோ, கொஞ்சம் வளைவு இருக்கட்டும். ஒட்டி மீற்றரால பாத்தாப் பிறகு, புற ஊதா (யூவி) வெளிச்சத்தில இறுகிற பசை இருந்தா அதில ஒரு சொட்டு விட்டு கம்பியை நிலையா இருத்துங்கோ, இல்லாட்டி ரெண்டு பசை கலக்கிற எப்பொக்சி காணும். அதுக்குப் பிறகு அந்தக் கம்பியில பாரம் விழாது.

எல்லா மூட்டும் வடிவா இருக்கு, ஆனா வேலை செய்யுதில்லை

ஆறுதலா இருந்து பாக்கவேண்டிய இடம் இது. இதுக்குள்ள அயனைத் தொடவே கூடாது, மீற்றர் வேலைதான்.

கரண்ட் குடுக்க முதலே, 3.3 வோல்ற் பவர் போற கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில ஓம் பாருங்கோ. சுழியத்துக்குக் கிட்ட எண்டால் எங்கயோ நேர இணைஞ்சு கிடக்கு. கண்ணுக்கு ஈயம் ஒட்டினது தெரியாட்டி செரமிக் கப்பாசிற்றரைச் சந்தேகப்படுங்கோ. அதுகள் அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள், அயனைத் திடீரெண்டு உடம்பில வைச்சாலோ, போர்ட்டை வளைச்சாலோ உள்ளுக்கு வெடிப்பு வரும், வெளியில ஒண்டும் தெரியாது, உள்ளுக்குத் தகடுகள் தொட்டு நிக்கும். எது எண்டு பிடிக்க, கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையில ஒரு வோல்ற் மட்டும் வைச்சு, அம்பியரைக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிக்கொண்டு போர்ட்டுக்கு மேல அல்கஹோலைப் பூசுங்கோ. எந்தச் சாமானுக்கு மேல முதல் காயுதோ அதுதான் சுடுகுது, அதுக்குள்ளதான் பிழை.

நேர இணைப்பு இல்லை எண்டால் திசையைப் பாருங்கோ. இதில கன பேர் மாட்டுப்படுறது ஒரு நியாயமான காரணத்துக்காக, அடையாளங்கள் ஒண்டுக்கொண்டு எதிர்மாறா இருக்கு. டயோட்டில கோடு இருக்கிற பக்கம் நெகற்றிவ். மஞ்சள் நிறத் தந்தாலம் கப்பாசிற்றரில கோடு இருக்கிற பக்கம் பொசிற்றிவ். தகரப்பேணி மாதிரி இருக்கிற அலுமினியம் கப்பாசிற்றரில கறுத்தப் பக்கம் திரும்பவும் நெகற்றிவ். எல்இடியில ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு மாதிரி அடையாளம் போடும், அதை நம்பாமல் மீற்றரில டயோட் அளவில வைச்சு எரியுதோ எண்டு பாத்துப்போட்டு ஒட்டுங்கோ. தந்தாலத்தை மாறி ஒட்டிக் கரண்ட் குடுத்தா நெருப்புப் பிடிக்கும், அதுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ.

திசையும் சரியெண்டா, ஒவ்வொரு காலாப் போங்கோ. மீற்றர் ஊசியைக் காலுக்கு மேல அழுத்தாதேங்கோ, அழுத்தேக்க கால் பாட்டில தொட்டு இணைப்பு இருக்கிற மாதிரிக் காட்டும், கையை எடுக்க திரும்பப் போயிடும். மீற்றர் கம்பியின்ர நுனியில தையல் ஊசியைக் கட்டி, கால் சிப்புக்குள்ள போற தோள் இடத்தில மெல்லமாத் தொட்டு, மற்ற முனையை அந்தக் கோடு போய்ச் சேருற அடுத்த சாமானில வையுங்கோ. மூட்டு மங்கலா இருக்கு எண்டதை மட்டும் வைச்சு பிழை எண்டு சொல்லாதேங்கோ, காரீயம் இல்லாத ஈயம் நல்லா ஒட்டினாலும் மங்கலாத்தான் இருக்கும். பாக்கவேண்டியது ஓரம்: ஈயம் காலில ஏறி, பாட்டில மெல்லிசாப் படர்ந்து முடிஞ்சா நல்லது, உருண்டையா நிண்டு விளிம்பு உள்ளுக்கு மடிஞ்சிருந்தா ஒட்டேல்லை.

பவர் சரியா வருகுதோ எண்டும் பாருங்கோ. ஏஎம்எஸ் 1117 மாதிரி ரெகுலேற்றருக்கு, வெளியில 3.3 வேணும் எண்டா உள்ள அதைவிட ஒரு வோல்றுக்கு மேல கூட இருக்கோணும், ஒரு லிதியம் செல்லின்ர 3.7 அதுக்குக் காணாது. இது ஒட்டுற பிழை இல்லை, ஆனா ஒட்டுற பிழை எண்டு நினைச்சு சிப்பைக் கழட்டிக் கழட்டி ஒட்டுற ஆக்கள் இருக்கினம்.

கால் வெளியில தெரியாத சிப், நடுவில பெரிய பாட், வேலை செய்யுதில்லை

நடுப் பாட்டில ஈயம் கூடிப்போச்சு. சிப் அந்த ஈயத்துக்கு மேல மிதக்குது, சுத்திவர இருக்கிற சின்னப் பாட்டுகள் எட்டேல்லை. கழட்டி, நடுவில இருக்கிறதை விக்கால முழுக்க எடுத்து, திரும்ப மெல்லிய படையா மட்டும் பூசி, பிளக்ஸ் போட்டு ஹொட் எயாரில உருக விடுங்கோ. உருகினாப் பிறகு ருவீசரால பக்கத்தால ஒரு மயிரளவு தட்டினா சிப் நகர்ந்து தன்ர இடத்துக்குத் திரும்பி வரோணும். வந்தா நல்லா ஒட்டியிருக்கு.

அயன் போர்ட்டில பட்டவுடன சிப் போகுது, அல்லது கையில சுள்ளெண்டு அடிக்குது

ரெண்டு முள்ளு மட்டும் இருக்கிற மலிவு அயனுகளில 230 வோல்றில இருந்து கொஞ்சம் நுனிக்குக் கசியும். மூண்டு முள்ளு அயன் எண்டால், சுவரில செருகாமல் அதின்ர நுனிக்கும் பிளக்கின்ர எர்த் முள்ளுக்கும் இடையில மீற்றர் வைச்சுப் பாருங்கோ, ஒண்டு ரெண்டு ஓமுக்குள்ள வரோணும். வந்தாலும் காணாது, பழைய வீடுகளில சுவர்ச் சொக்கெற்றில எர்த் ஓட்டை இருக்கும், பின்னால கம்பி இருக்காது, வயறிங் தெரிஞ்ச ஒராளை வைச்சு அதையும் பாருங்கோ. அதுவரைக்கும் ஒட்டுற போர்ட்டை எந்தச் சாஜரோடையும் கணினியோடையும் தொடுத்து வைச்சுக்கொண்டு அயன் வைக்காதேங்கோ.

மழைக்கு மட்டும் பிழைக்குது, அல்லது கடல்தண்ணி பட்ட போர்ட்

மழைக்கு மட்டும் எண்டால் ஒட்டின இடத்தில மிஞ்சிக் கிடக்கிற பிளக்ஸ்தான். ஈரத்தை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கரண்ட் கடத்தும், மைக், சென்சர், தொடுதிரை மாதிரி மெல்லிய சிக்னல் போற இடங்களில அந்தக் கொஞ்சம் காணும். 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலை விட்டு, பழைய பல்லுத் தூரிகையால தேய்ச்சு, ஊத்தை அல்கஹோல் காய முதலே தும்பு விடாத துணியால ஒத்தி எடுங்கோ. காய விட்டா பிளக்ஸ் அதே இடத்தில வெள்ளையாப் படிஞ்சு நிக்கும். தின்னர் கூடாது, பிளாஸ்ரிக் சொக்கெற்றை உருக்கிப்போடும்.

குருநகர், பாசையூர், மயிலிட்டிப் பக்கம் இருந்து வாற ரோச் லைற், ஜிபிஎஸ், போன் எல்லாத்திலயும் இருக்கிறது வேற பிரச்சினை, உப்பு. உப்பு அல்கஹோலில கரையாது. அல்கஹோலால எவ்வளவு தேய்ச்சாலும் உப்பு அங்கயே கிடக்கும், ஈரம் வரேக்க திரும்ப அரிக்கும். முதல் பற்றரியைக் கழட்டுங்கோ, அது போர்ட்டில இருக்கும்வரை அரிப்பு நிக்காது. பிறகு வடிச்ச தண்ணி, கார் பற்றரிக்கு விடுறதுக்கு எண்டு போத்தலில விக்கிறது, அதால ரெண்டு மூண்டு தரம் மாத்தி மாத்திக் கழுவுங்கோ. கிணத்துத் தண்ணியாலை வேண்டாம், எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணியில சுண்ணாம்பு கிடக்கு, காய அது வெள்ளையாப் படியும். கழுவினாப் பிறகுதான் அல்கஹோல், அது மிச்சத் தண்ணியை இழுத்துக்கொண்டு காயும். சிப்புக்கு அடியில தண்ணி நிக்கும், அதால ஒரு நாள் காத்துப் படுற இடத்தில வைச்சு வடிவாக் காய விடுங்கோ.

காய்ஞ்சாப் பிறகு கண்ணாடியால பச்சை பூத்த இடங்களைப் பாருங்கோ. பாட் மட்டும் பச்சையெண்டா சுரண்டி, பிளக்ஸ் போட்டு, புது ஈயம் பூசினாச் சரி. செம்புக் கோடு அறுந்திருந்தா மேல சொன்ன எனமல் கம்பி. சிப்பின்ர கால் உடம்போட சேருற இடத்தில அரிச்சு அறுந்திருந்தா, அதில ஈயம் பிடிக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சேல்லை, அந்தச் சிப்பை மாத்தத்தான் வேணும்.